ஃபயர்வால் நிலை தப்பாகக் காட்டுகிறதா? பழைய ஆன்டிவைரஸின் மிச்சத்தைத் தேடுங்கள்

ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் அக்கா சென்ற ஆண்டு போன் செய்தார். “தம்பி, ஃபயர்வால் ஆன்ல இருக்குன்னு பச்சை டிக் காட்டுது. ஆனா கீழே போட்டிருக்கிற பேரு, நாம தீபாவளிக்கு முன்னாடியே எடுத்துட்ட ஆன்டிவைரஸோடது. பரவாயில்லையா?”

ஃபயர்வால் என்பது நெட் வழியாகக் கணினிக்குள் வருவதையும் வெளியே போவதையும் சோதிக்கும் காவல். பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் பெரிய தப்பாகியிருக்கும். நேரில் போய்ப் பார்த்தேன். அந்த ஆன்டிவைரஸை எடுத்தபோது அன்இன்ஸ்டால் பாதியிலேயே நின்றிருக்கிறது. காவல் காக்கும் பகுதி போய்விட்டது. ‘நான் காவலில் இருக்கிறேன்’ என்று விண்டோஸிடம் சொல்லும் சின்ன சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) மட்டும் தங்கிவிட்டது. அது சொன்னதை நம்பி, விண்டோஸ் தன்னுடைய சொந்த ஃபயர்வாலை ஒதுக்கியே வைத்திருந்தது. ஊர்க்காரர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் நிறைந்த ஒரு கணினி, மாதக்கணக்கில் காவலே இல்லாமல் இருந்திருக்கிறது. அந்த அக்கா பெயரைப் படித்துப் பார்த்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. நிறத்தை மட்டும் பார்த்திருந்தால் இன்றைக்கும் அப்படியேதான் இருந்திருக்கும்.

இந்தச் சிக்கல் பல முகத்தோடு வரும். அதனால் திரையில் நீங்கள் என்ன பார்க்கிறீர்களோ அதை வைத்தே வழி சொல்கிறேன். விண்டோஸ் 11-ஐ மனதில் வைத்து எழுதுகிறேன். விண்டோஸ் 10-க்கும் ஏறக்குறைய எல்லாம் பொருந்தும். 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டாலும் கடைகளிலும் வீடுகளிலும் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கட்டளைகளைப் போனில் படித்துச் சொல்வது போல உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பெயர்ப்பலகை வேறு, காவல்காரர் வேறு

விண்டோஸ் செக்யூரிட்டி திரையில் தெரியும் பச்சை டிக்கை ஃபயர்வால் நேராகக் கொடுப்பதில்லை. அதைக் கொடுப்பது செக்யூரிட்டி சென்டர் என்ற தனி சர்வீஸ். 2004-இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-உடன் வந்தது. ஒரு ஆன்டிவைரஸை நிறுவும்போது, அது தன் பெயரை இந்தச் செக்யூரிட்டி சென்டரில் பதிவு செய்துகொள்ளும். ‘வைரஸைப் பார்த்துக்கொள்வது நான், ஃபயர்வாலும் நான்’ என்று சொல்லி, தன் நிலை ஆனா ஆஃபா என்பதையும் அவ்வப்போது தெரிவிக்கும். செக்யூரிட்டி சென்டர் அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு நமக்குக் காட்டுகிறது.

உண்மையில் காவல் காப்பது வேறு இரண்டு சர்வீஸ்கள். ஒன்று பேஸ் ஃபில்டரிங் எஞ்சின், இன்னொன்று விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால். முதலாவது ஓடினால்தான் இரண்டாவது ஓடும். இதற்கும் அடியில், நெட்வொர்க் அட்டையை ஒட்டியே ஆன்டிவைரஸ் போட்டுவிட்டுப் போன ஃபில்டர் டிரைவர், அதாவது நெட் போக்குவரத்தை வடிகட்டும் சின்ன நிரல், ஏதாவது இருக்கலாம்.

ஆக பலகை (செக்யூரிட்டி சென்டரின் பதிவு), காவல்காரர் (இந்த இரண்டு சர்வீஸ்கள்), டிரைவர் என்று மூன்று. ஆன்டிவைரஸ் ஒழுங்காக வெளியேறினால் மூன்றும் ஒன்றாகத் துடைக்கப்படும். பாதியில் நின்றால் ஏதோ ஒன்று மட்டும் தங்கிவிடும். எது தங்கியதோ அதைப் பொறுத்து அறிகுறி மாறுகிறது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரே விஷயத்தின் வெவ்வேறு முகங்கள்தான்.

எதையும் தொடும் முன், காவல்காரரையே கேளுங்கள்

கமாண்ட் பிராம்ப்ட்டை ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறங்கள். முதல் கட்டளை: நெட்எஸ்எச், இடைவெளி, அட்வ்ஃபயர்வால், இடைவெளி, ஷோ, இடைவெளி, ஆல்புரொஃபைல்ஸ், இடைவெளி, ஸ்டேட். டொமைன் (அலுவலக நெட்வொர்க்), பிரைவேட் (வீட்டு நெட்வொர்க்), பப்ளிக் (பொது இட நெட்வொர்க்) என்று மூன்று புரொஃபைலுக்கும் தனித்தனியாக ஆன் அல்லது ஆஃப் என்று பதில் வரும். விண்டோஸ் ஃபயர்வால் தன்னைப் பற்றித் தானே சொல்லும் பதில் இது. ஃபயர்வால் சர்வீஸைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று பிழை வந்தால் அதுவும் பதில்தான். சர்வீஸே ஓடவில்லை என்று பொருள். மூன்றாவது அறிகுறிக்குப் போங்கள்.

அடுத்த கட்டளையைப் பலர் பார்ப்பதே இல்லை. எனக்கு அதிகம் உதவியது இதுதான்: நெட்எஸ்எச், அட்வ்ஃபயர்வால், ஷோ, குளோபல். நீளமாக ஏதேதோ வரும். அதன் கடைசியில் கேட்டகரீஸ் என்ற தலைப்பின் கீழ் நான்கு வரி இருக்கும். கணினி எழுந்திருக்கும் நேரத்து விதி, பொதுவான ஃபயர்வால் விதி, மறைந்திருக்கும் விதி, இணைப்புப் பாதுகாப்பு விதி என்று நான்கு பொறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் உரிமையாளர் பெயர். நான்கிலும் விண்டோஸ் ஃபயர்வாலின் பெயர் இருந்தால் நிம்மதி. எப்போதோ எடுத்துப்போட்ட ஆன்டிவைரஸின் பெயர் ஒரு வரியில் இருந்தாலும், அந்தப் பொறுப்பு இன்னும் அதன் பேரில்தான் இருக்கிறது. அந்த ஆடிட்டர் அலுவலகக் கணினியில் நான்கு வரியிலும் பழைய பெயரே இருந்தது.

இதோடு ஒரு நேரடிச் சோதனையும் செய்துவிடலாம். ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி’ என்று தேடித் திறங்கள். அவுட்பவுண்ட் ரூல்ஸ், பிறகு நியூ ரூல், பிறகு புரோகிராம். நீங்கள் அதிகம் பயன்படுத்தாத ஒரு பிரௌசரின் கோப்பைக் காட்டி, ‘பிளாக்’ கொடுத்து, மூன்று புரொஃபைலுக்கும் டிக் போட்டு, விதிக்குச் ‘சோதனை’ என்று பெயர் வையுங்கள். இப்போது அந்தப் பிரௌசரைப் புதிதாகத் திறந்து ஏதாவது ஒரு தளத்துக்குப் போங்கள். பக்கம் வரவில்லை என்றால் காவல்காரர் வாசலில் நிற்கிறார். பக்கம் வந்துவிட்டால், திரை எத்தனை பச்சை காட்டினாலும் விண்டோஸ் ஃபயர்வால் வேலை செய்யவில்லை.

இந்த மூன்று பதிலையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு இதே மூன்றையும் திரும்பச் செய்து ஒப்பிட வேண்டும்.

அறிகுறி 1: எடுத்துவிட்ட ஆன்டிவைரஸின் பெயர் இன்னும் ஃபயர்வால் பக்கத்தில் இருக்கிறது

அதிகம் வருவது இதுதான். புது லேப்டாப்போடு இலவசமாக வந்த சோதனைப் பதிப்பு, கடைக்காரர் ஒரு வருடத்துக்குப் போட்டுக்கொடுத்தது, பையன் எங்கிருந்தோ இறக்கியது என்று மூலம் எதுவாகவும் இருக்கலாம்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, இடது கீழே செட்டிங்ஸ், அதில் ‘மேனேஜ் புரொவைடர்ஸ்’ அழுத்துங்கள். ஆன்டிவைரஸ், ஃபயர்வால் என்று வகை வாரியாகப் பதிவான பெயர்களும் நிலையும் தெரியும். நிறுவனத்தின் பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தின் துடைப்புக் கருவி வேண்டும் என்பதை இந்தப் பெயர்தான் சொல்லும். ஒரே கணினியில் இரண்டு பழைய பெயர் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் செட்டிங்ஸில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கிருந்தே அன்இன்ஸ்டால் கொடுங்கள். ஆன்டிவைரஸோடு சேர்ந்து வந்த விபிஎன், பாஸ்வேர்டு மேனேஜர், பிரௌசர் பாதுகாப்பு மாதிரியான துணைகளும் தனிப்பெயரில் இருக்கலாம். அவற்றையும் எடுங்கள்.

முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வந்தது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்கரு முழுதாக அணையாது. அதன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எடுத்து வைத்துக்கொண்டு எழும். டிரைவர்களும் பழையபடி நினைவிலேயே இருக்கும். ‘நேத்தே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேனே, அப்படியே இருக்கே’ என்று சொல்பவர்கள் பலருக்கு ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் சரியாகியிருக்கிறது.

பட்டியலில் பெயரே இல்லை, ஆனால் மேனேஜ் புரொவைடர்ஸில் இருக்கிறது என்றால், நிறுவனமே தரும் துடைப்புக் கருவியை எடுங்கள். மெக்காஃபிக்கு எம்சிபிஆர், நார்ட்டனுக்கு ரிமூவ் அண்ட் ரீஇன்ஸ்டால், கேஸ்பர்ஸ்கிக்கு கேவ்ரிமூவர், அவாஸ்டுக்கு அவாஸ்ட் கிளியர், ஈசெட்டுக்கு ஈசெட் அன்இன்ஸ்டாலர் என்று பெரிய நிறுவனங்கள் எல்லாமே ஒன்று வைத்திருக்கின்றன. அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்புகளை அழுத்த வேண்டாம்.

இவற்றில் சில, சேஃப் மோடில்தான் (மிக அவசியமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு விண்டோஸ் எழும் நிலை) ஒழுங்காக வேலை செய்யும். சேஃப் மோடுக்குப் போகும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், ரெகவரி சாவியாக 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். புதிய லேப்டாப்களில் நீங்கள் அறியாமலே அந்தப் பூட்டு போடப்பட்டிருக்கலாம். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கிறதா என்று இன்னொரு கருவியில் பார்த்து எழுதி வைத்த பிறகே இறங்குங்கள். இதைச் செய்யாமல் போய், சாவி கிடைக்காமல் கோப்பெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டவரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஃபயர்வாலைச் சரிசெய்யப் போய் அந்த நிலை யாருக்கும் வரக்கூடாது.

துடைப்புக் கருவி ‘எதுவும் இல்லை’ என்று சொன்னால், வேடிக்கையாகத் தோன்றும் ஒரு வழி இருக்கிறது: அதே ஆன்டிவைரஸை, முடிந்தால் அதே பதிப்பை, மறுபடி நிறுவிவிட்டு முறையாக அன்இன்ஸ்டால் செய்வது. பாதியில் நின்ற அன்இன்ஸ்டால் தன் குறிப்பேட்டையே தொலைத்திருக்கும். மறுபடி நிறுவும்போது அது திரும்ப வந்துவிடுகிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்குக் கடைசியில் கைகொடுத்தது இதுதான். இருபது நிமிடம் ஆனது. ரீஸ்டார்ட் ஆனதும் நான்கு வரியிலும் விண்டோஸ் ஃபயர்வால் பெயர் வந்து நின்றது.

ஒன்றைச் செய்யவே கூடாது. புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் அந்த நிறுவனத்தின் கோப்புறையைக் கையால் அழிப்பது, டிரைவர் கோப்பைத் தேடிப்பிடித்து டெலீட் செய்வது. கோப்பு போய்விடும், அந்தக் கோப்பை அழைக்கும் பதிவு மட்டும் மீதமிருக்கும். அடுத்த முறை கணினி எழும்போது நெட்வொர்க் வராமல் போகலாம், நீலத்திரையே வரலாம்.

இத்தனைக்குப் பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், இனி பலகையை மட்டும் கழற்றினால் போதும். முதலில், ஏதாவது கெட்டுப்போனால் இப்போதைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்று உருவாக்குங்கள். பிறகு ஸ்டார்ட் மெனுவில் டபிள்யூ, பி, இ, எம் எழுத்துகளோடு டெஸ்ட் என்று சேர்த்துத் தட்டி, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். பழைய பாணியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வரும். ‘கனெக்ட்’ அழுத்தி, நேம்ஸ்பேஸ் கட்டத்தில் ரூட், பின்சாய்வுக் கோடு, செக்யூரிட்டிசென்டர்2 என்று தட்டுங்கள். கடைசி 2 முக்கியம். எக்ஸ்பி காலத்தில் 2 இல்லாத பெயர் இருந்தது. விஸ்டா சர்வீஸ் பேக் 1-இலிருந்து இதுதான். அடுத்து ‘எனம் இன்ஸ்டன்சஸ்’ அழுத்தி, ஃபயர்வால்புராடக்ட் என்று இடைவெளி இல்லாமல் கொடுங்கள்.

விண்டோஸின் சொந்த ஃபயர்வால் பொதுவாக இந்தப் பட்டியலில் வராது. அதனால் வேறு எதுவும் நிறுவாத கணினியில் பட்டியல் காலியாக இருப்பதுதான் சரி. ஏதாவது வரி இருந்தால் அதை இருமுறை அழுத்துங்கள். டிஸ்பிளேநேம் என்ற இடத்தில் பெயர் தெரியும். பழைய ஆன்டிவைரஸ்தான் என்று உறுதியானால் வெளியே வந்து அந்த வரியைத் தேர்ந்து ‘டெலீட்’ கொடுங்கள். இதேபோல ஆன்டிவைரஸ்புராடக்ட் என்றும் தேடிப் பாருங்கள். அங்கே டிஃபெண்டரும் இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

அதே பெட்டியில் புராடக்ட்ஸ்டேட் என்று ஓர் எண் இருக்கும். கால்குலேட்டரில் புரோகிராமர் முறைக்குப் போய் அதைப் பதினாறடிமானமாக (ஹெக்ஸ்) மாற்றி, வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரித்தால், நடுவில் வரும் இரண்டு எழுத்தில் முதலாவது 1 என்றால் ஆன், 0 என்றால் ஆஃப். 397568 என்பது 06-11-00 ஆகும், அது ஆன். 393472 என்பது 06-01-00, அது ஆஃப். மைக்ரோசாஃப்ட் ஆவணமாக எழுதிக் கொடுத்த கணக்கல்ல, பழுது பார்ப்பவர்கள் பார்த்துப் பார்த்துக் கண்டுகொண்டது. ஓடாத ஒரு மென்பொருளின் எண் ஆன் என்று நின்றால், நீங்கள் தேடிய மிச்சம் அதுதான்.

டெலீட் செய்ததும் வரி மறுபடி முளைத்தால், அதைப் பதிவு செய்யும் சர்வீஸ் இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி உண்டு. அதில் சர்வீசஸ், டிரைவர்ஸ் பக்கங்களைத் திறந்து நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். கோப்பு காணாமல் போய்ப் பதிவு மட்டும் நிற்கும் வரிகள் மஞ்சள் நிறத்தில் தெரியும். சர்வீஸ் வரிகளில் முதலில் டிக்கை மட்டும் எடுங்கள், ரீஸ்டார்ட் செய்து எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு அழியுங்கள். டிரைவர் வரிகளில் கை வைக்கும் முன் ஐந்தாவது அறிகுறியைப் படித்துவிடுங்கள்.

அறிகுறி 2: ஃபயர்வால் ஆஃப் என்று சிவப்பு காட்டுகிறது, கட்டளையில் மூன்றும் ஆன் என்று வருகிறது

சோதனை விதியும் பிரௌசரைத் தடுக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். காவல் இருக்கிறது, பலகைதான் தப்பு. ஆனாலும் அப்படியே விட்டுவிடுவது நல்லதல்ல. தினமும் பொய்யாக எரியும் சிவப்பு விளக்குக்குக் கண் பழகிவிட்டால், ஒருநாள் உண்மையாக எரியும்போது கவனிக்க மாட்டோம்.

ரீஸ்டார்ட் முதலில். பிறகு மேலே சொன்ன சாம்பல் பெட்டியில் பழைய வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெட்டியே இணைய மறுத்தால், பட்டியல்களை வைத்திருக்கும் டபிள்யூஎம்ஐ கிடங்கில் கோளாறு இருக்கலாம். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் வின்எம்ஜிஎம்டி, இடைவெளி, சாய்வுக் கோடு, வெரிஃபைரெபாசிட்டரி என்று தட்டினால், கிடங்கு சீராக இருக்கிறதா என்று சொல்லும். சீராக இல்லை என்றால் அதே கட்டளையில் கடைசிச் சொல்லுக்குப் பதில் சால்வேஜ்ரெபாசிட்டரி. ரீசெட்ரெபாசிட்டரி என்று இன்னொன்றும் உண்டு. அது கிடங்கை முதல் நாள் நிலைக்குக் கொண்டுபோய்விடும். அதை நம்பியிருக்கும் வேறு மென்பொருள்கள் தடுமாறலாம். வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

சர்வீசஸ் பட்டியலில் செக்யூரிட்டி சென்டரைத் திறந்தால் பொத்தான்கள் மங்கலாக இருக்கும். அது கோளாறல்ல. யாரும் நிறுத்திவிடக் கூடாது என்று விண்டோஸே அப்படி வைத்திருக்கிறது.

அறிகுறி 3: ‘டர்ன் ஆன்’ அழுத்தினால் பிழை எண் வருகிறது

80070422 என்று முடிந்தால், சர்வீஸ் டிசேபிள் செய்யப்பட்டிருக்கிறது. பழைய ஆன்டிவைரஸ் தான் இருக்கும் தைரியத்தில் செய்துவிட்டுப் போயிருக்கலாம், யாரோ ‘வேகமாக்கும்’ கருவி ஓட்டியிருக்கலாம். 8007042-ஐ அடுத்து சி என்று முடிந்தால், ஃபயர்வால் சார்ந்திருக்கும் இன்னொரு சர்வீஸ் எழவில்லை. சர்வீசஸைத் திறந்து பேஸ் ஃபில்டரிங் எஞ்சினை முதலில் பாருங்கள். ஆட்டோமேட்டிக் என்று வைத்து ஸ்டார்ட் கொடுங்கள். பிறகு விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால். இந்த வரிசை மாறினால் மறுபடி அதே பிழைதான் வரும்.

இந்த இரண்டு சர்வீஸும் பட்டியலிலேயே இல்லை என்றால் நிலைமை வேறு. ஆன்டிவைரஸ்கள் இந்தச் சர்வீஸ்களை முழுதாக அழிப்பதில்லை, தீய மென்பொருள்கள் அழிக்கும். 2011, 2012 வாக்கில் பரவிய ஜீரோஆக்சஸ் இப்படித்தான் ஃபயர்வாலையும் செக்யூரிட்டி சென்டரையும் வேரோடு பிடுங்கிப் போட்டது. அப்படி ஒரு கணினியைக் கண்டால் முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். வங்கி வேலை நடக்கும் கணினி என்றால், கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு விண்டோஸையே புதிதாகப் போடுவதுதான் என் யோசனை. பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

அறிகுறி 4: பொத்தானே மங்கலாக இருக்கிறது, ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்கிறது

உண்மையிலேயே அலுவலகக் கணினி என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு உங்கள் ஐடி ஆளைக் கூப்பிடுங்கள். அது அவர் வைத்த ஒழுங்கு.

சொந்தக் கணினியில் இப்படி வந்தால், ஏதோ ஒரு மென்பொருள் பாலிசி, அதாவது நிர்வாகி போடும் கட்டாய விதி, எழுதிவிட்டுப் போயிருக்கிறது. விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ்ஃபயர்வால் என்று இறங்குங்கள். அந்தக் கிளை இருந்து, அதன் உள்ளே டொமைன், ஸ்டாண்டர்டு, பப்ளிக் புரொஃபைல்களில் எனேபிள்ஃபயர்வால் மதிப்பு 0 என்று இருந்தால் அதுதான் காரணம். கிளையை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, பிறகு அந்த மதிப்பை நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். மங்கல் போய்விடும்.

அறிகுறி 5: ஆன்டிவைரஸை எடுத்ததிலிருந்து நெட்டே வரவில்லை

ஃபில்டர் டிரைவர் பாதையில் கிடக்கிறது. கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் போய், உங்கள் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் மேல் வலது சொடுக்கி பிராப்பர்ட்டீஸ் திறங்கள். அங்கே ஒரு சின்னப் பட்டியல் வரும். மைக்ரோசாஃப்ட் பெயரில் இருப்பவை, டிசிபி ஐபி வரிகள் எல்லாம் இருக்க வேண்டியவை. அவற்றின் நடுவே பழைய ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் பெயர் தாங்கிய ஃபில்டர் ஒன்று இருந்தால், முதலில் டிக்கை எடுத்துப் பாருங்கள். நெட் வந்துவிட்டால் குற்றவாளி அதுதான். அதைத் தேர்ந்து கீழே இருக்கும் அன்இன்ஸ்டால் பொத்தானை அழுத்துங்கள். இப்படி எடுப்பதுதான் பாதுகாப்பு, ஏனென்றால் விண்டோஸ் அந்த இணைப்பையும் சேர்த்து அவிழ்த்துவிடும்.

அப்படி எதுவும் தெரியவில்லை என்றால், செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸின் கீழ் நெட்வொர்க் ரீசெட் இருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டை மறுபடி தட்ட வேண்டிவரும், விபிஎன் வைத்திருந்தால் மறுபடி நிறுவ நேரலாம்.

அறிகுறி 6: இரண்டு ஃபயர்வாலும் ஆன் என்று காட்டுகிறது

ஒன்று நீங்கள் இப்போது காசு கொடுத்து வாங்கியது, இன்னொன்று பழையது என்றால், முதல் அறிகுறியின் வழியில் பழையதை எடுங்கள். இரண்டுமே உயிரோடு இருக்கும் வெவ்வேறு நிறுவனத்தின் ஃபயர்வால்கள் என்றால் ஒன்றை எடுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டு பேர் ஒரே வாசலில் நின்று ஒருவர் விட்டதை மற்றவர் தடுப்பதால் பிரிண்டரும் கோப்புப் பகிர்வும் காரணம் தெரியாமல் நிற்கும்.

அறிகுறி 7: பிரௌசருக்குள் ‘உங்கள் ஃபயர்வால் அணைந்துவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’

இதற்கும் மேலே சொன்ன எதற்கும் சம்பந்தமில்லை. இது மோசடி. விண்டோஸ் தன் எச்சரிக்கையில் போன் எண் கொடுக்காது. அழைக்காதீர்கள், எதையும் இறக்காதீர்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரௌசரை மூடுங்கள், மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் வயதானவர்கள் கணினி பார்ப்பவர்களாக இருந்தால் இந்த ஒன்றை இன்றைக்கே அவர்களிடம் சொல்லி வையுங்கள். ஏற்கெனவே அழைத்துப் பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தாமதிக்காமல் பேசுங்கள்.

கடைசியாக

மிச்சம் போனதும், பழைய ஆன்டிவைரஸ் உள்ளே எழுதிவிட்டுப்போன விதிகள் ஃபயர்வாலில் தங்கியிருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியின் ஃபயர்வால் பக்கத்தில் கீழே ‘ரெஸ்டோர் ஃபயர்வால்ஸ் டு டிஃபால்ட்’ என்ற இணைப்பு உண்டு. அழுத்தும் முன், அட்வான்ஸ்டு செக்யூரிட்டி சாளரத்தில் எக்ஸ்போர்ட் பாலிசி கொடுத்து இப்போதைய விதிகளைக் கோப்பாக எடுத்து வையுங்கள். கணக்கு மென்பொருளுக்கோ பில் பிரிண்டருக்கோ யாராவது விதி போட்டுக் கொடுத்திருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், மறுநாள் காலையில் கடை திறந்ததும்தான் தெரியும். அதனால் இதை வேலை நேரத்தில் செய்யாதீர்கள்.

பிறகு ரீஸ்டார்ட். தாளில் எழுதிய மூன்று சோதனையும் மறுபடி. மூன்று புரொஃபைலும் ஆன், நான்கு வரியிலும் விண்டோஸ் ஃபயர்வால், மேனேஜ் புரொவைடர்ஸில் பழைய பெயர் இல்லை. சோதனை விதி ரெஸ்டோரில் போயிருந்தால் மறுபடி போட்டுப் பாருங்கள். பிரௌசர் தடுக்கப்பட்டால் வேலை முடிந்தது. அந்த விதியை மறக்காமல் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் வீட்டில் வேறு யாராவது அதே பிரௌசரைத் திறந்து ‘நெட் வரலை’ என்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.